மூச்சைப் பிடிங்க

வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டி எங்கள் ஸ்கேன் சென்டர்.
முழங்கால்களும் நெஞ்சுகளும் தீர்ந்துபோன
ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்
மஞ்சப் பையிலிருந்து எடுத்து
மேஜைமேல் கிடத்தினார் பிரமநாயகம்.
ஒரு சாண் மரப்பாச்சி. பொம்பளை உரு.
மூக்கு தேய்ந்து, விரல்கள் தேய்ந்து,
கண் மட்டும் நேற்று செதுக்கியது மாதிரி.

"குலுக்கிப் பாருங்க."
குலுக்கினேன்.
உள்ளே எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது. டக்.

"சேரன்மாதேவிச் சித்தி சாமான் இது.
பெட்டி பாத்தாச்சு, பீரோ பாத்தாச்சு,
பன்னெண்டு பவுன் கணக்கு உதைக்கி.
ஆசாரி ரெண்டாப் பொளந்துருவோம்ங்கான்.
இவ விட மாட்டேங்கா."

இவ என்றது தங்கச்சியை. சிதம்பரவடிவு.
பொம்மையின் இடுப்பில்
கைக்குட்டையைச் சேலையாகச் சுற்றியிருந்தாள்.
இதுக்கு ஜோடி இருக்கணுமே என்றேன்.
"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து
ஒத்தைதான்."

ரிஜிஸ்டரில் பெயர் இல்லாமல் படம் எடுக்க முடியாது.
வடிவு சித்தியின் பெயரையே சொன்னாள்:
ஆவுடைத்தங்கம்.
வயது எழுபத்தெட்டு.
பரிந்துரைத்த டாக்டர் என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன்.

சின்னப் பிள்ளை கைக்கு வைக்கிற அளவு வைத்து
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.

அவள் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்த்தி ஒன்று, தலைகீழாக ஒன்று.
வளையம் வளையமாக மரத்தின் வருஷங்கள்,
வயிற்றில் முட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.
எங்கள் தொழிலில் கறுப்பு என்றால் காற்று.
தங்கம் வெள்ளையாக விழும்.
வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை.

"வெறும் காத்துக்கா முந்நூறு ரூவா" என்று
பிரமநாயகம் பைக்கை எடுக்கப் போனார்.
காகிதம் எங்கள் கதிருக்குத் தெரியாது,
துணி தெரியாது, தலைமுடி தெரியாது.
அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

வடிவு திரும்பி வந்தாள், கைக்குட்டைக்கு என்று நினைத்தேன்.
"இத நீங்களே வச்சுக்கிடுங்க.
வீட்டுக்குக் கொண்டு போனா உடைச்சுருவாவ."
கைக்குட்டையை எடுக்காமல் போனாள்.

எலுமிச்சஞ்சோற்றை மூடி வைத்துவிட்டு
ரெண்டு படத்தையும் அடுத்தடுத்து மாட்டினேன்.
நிமிர்ந்த படத்தில் இடுப்புக்குக் கீழே
அரிசி நீளத்தில் ஒரு முளை.
தலைகீழ்ப் படத்தில் அது மார்புக்கு நகர்ந்திருந்தது.
குலுக்கினால் கேட்டது பொருள் இல்லை,
தாழ்ப்பாள்.

தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டி
வலப்பக்கமாகத் திருகினேன்.
இடுப்பு சத்தமில்லாமல் கழன்று வந்தது,
தினம் எண்ணெய் போட்ட மாதிரி.

பஸ் டிக்கெட்டுகள்.
ஈசல் இறகு மாதிரி, ஊதாவும் மஞ்சளும்,
ஒன்றே கால் ரூபாய்க் காலத்து டிக்கெட்டுகள்.
ஊர் பெயர் எதிலும் இல்லை.
பின்பக்கம் பென்சிலில் தேதி மட்டும்.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
எல்லாம் வியாழக்கிழமையா என்று
காலண்டர் ஆப்பில் தட்டிப் பார்த்தேன்.
எல்லாம் வியாழக்கிழமை.

ஒரு தேதிக்கு ஒரு டிக்கெட்தான்.
போனவள் திரும்பி வந்திருக்கிறாள்,
இல்லையென்றால் இந்தப் பொம்மை இங்கே ஏது?
அப்படியென்றால் நாளுக்கு ரெண்டு இருந்திருக்க வேண்டும்.

மறுபாதியைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.
கண்டக்டர் கையோடு வாங்கியிருக்கலாம்.
இல்லை, எந்த ஊரிலோ எந்த வீட்டிலோ
இதே ஒரு சாண் உயரத்தில், மீசை வைத்து ஒன்று,
இடப்பக்கமாகத் திருகினால்—

வெளியே டோக்கன் நாற்பத்தாறு.
தண்டுவடம்.
பழையபடி அடுக்கிவைத்து மூடி, நிமிர்த்தினேன்.
டக்.
கைக்குட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு
ரிஜிஸ்டரில் 'ரிசல்ட்' பத்திக்கு வந்தேன்.
நார்மல் என்று எழுதினேன்.
அடித்தேன்.
வடிவின் போன் நம்பர் இருக்கிறதா என்று
அதே வரியில் தேடினேன்.